ஆலந்துறையில் ஆறு எங்கே?

2022 மே 8

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "பசுபதிகோயில் பக்கத்துப் புள்ளமங்கையை எல்லாரும் ஆற்றங்கரைக் கோயில் என்கிறார்கள். போன வாரம் போய் அரை மணி நேரம் சுற்றினேன். சிற்பம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ஆறு எங்கே? உள்ளே நின்றால் தெரியவும் இல்லை, சத்தமும் இல்லை. கோயில் கிழக்கே பார்க்கிறது. வாசலில் ஒரு நதிப் பெண்கூட இல்லை. ஆறு பக்கத்தில் ஓடுகிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

உடனே தோன்றியதைச் சொல்கிறேன். வாசலில் கங்கையையும் யமுனையையும் நிறுத்துவது குப்தர் காலத்திலிருந்து வரும் வடநாட்டு வழக்கம். நம் ஊரில் கோபுர வாசலின் இரு பக்கமும் கொடியைப் பிடித்து நிற்கும் பெண்கள் வந்தது ரொம்பப் பிந்தி. தஞ்சாவூர் பக்கத்துப் புள்ளமங்கை முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கோயில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் முதல் பாதி. அங்கே நதிப் பெண்ணைத் தேடினால் கிடைக்க மாட்டாள். ஆனால் ஆறு இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

மே 10

முதலில் பெயர். சாமி பெயர் பிரம்மபுரீஸ்வரர் என்று பலகையில் இருக்கும். தேவாரத்தில் ஊர் புள்ளமங்கை, கோயில் ஆலந்துறை. துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். குளிக்க, குடத்தில் மொள்ள, மாட்டைக் கழுவ, படகு பிடிக்க, செத்தவர்களுக்குத் தர்ப்பணம் விட, எல்லாவற்றுக்கும் ஒரே இடம்தான். காவிரியை மேலிருந்து கீழே பிடித்துக்கொண்டு வந்தால் துறை துறையாகத்தான் கோயில் வரும்: குளித்தலையில் கடம்பந்துறை, அப்புறம் பராய்த்துறை, செந்துறை, லால்குடி பக்கம் மாந்துறை, அன்பில் ஆலந்துறை, நம் புள்ளமங்கை ஆலந்துறை, பாபநாசத்தில் பாலைத்துறை, குரங்காடுதுறை, ஆவடுதுறை, மயிலாடுதுறை.

கவனித்தால் இவற்றில் பாதி மரத்தின் பெயர்: கடம்பு, பராய், மா, ஆல், பாலை. மிச்சத்தில் நிறைய, தண்ணீருக்கு வரும் உயிர்களின் பெயர்: ஆ, குரங்கு, மயில். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு படம் தெரியும். கரையில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் நிழல், அங்கேதான் எல்லாரும் இறங்குவார்கள், விடிகாலையில் மயிலும் குரங்கும் இறங்கும். அந்த மரத்தடியில் சாமி வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்லில் கோயில் கட்டியது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

மே 11

"ஆலம் என்றால் விஷம், சிவன் ஆலகாலம் உண்ட இடம் என்று தலபுராணம் சொல்கிறதே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறதுதான். அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் இங்கே தலமரம் ஆலமரம். அன்பிலிலும் ஆலந்துறைதான். இத்தனை துறைகள் மரத்தின் பெயரில் இருக்கும்போது இந்த ஒன்றை மட்டும் விஷமாகப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. மரம்தான் முதலில், கதை அதன் மேல் படர்ந்த கொடி.

மே 19

கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு நேற்று மறுபடி போனேன். காலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் போனால்தான் வெயில் சாய்வாக விழும். உச்சி வெயிலில் கருங்கல் சிற்பம் சப்பையாகத் தெரியும், சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலும் எழுந்து நிற்கும். நிழல் பக்கம் பார்க்க டார்ச் கொண்டு போங்கள், நேரே அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

அரை மணி நேரம் சுற்றினேன் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். நின்றபடி சுற்றியிருப்பார் என்று நினைக்கிறேன். புள்ளமங்கையை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் கண் தானாகவே சாமி இருக்கும் சுவர் மாடமான தேவகோட்டத்துக்குப் போய்விடும்: தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா. அவை பெரியவை, பூ வைத்திருக்கும், வஸ்திரம் கட்டியிருக்கும். ஆனால் இந்தக் கோயிலின் பெரிய சொத்து அதற்குக் கீழே, அதிஷ்டானம் என்னும் அடிப்பீடத்தில் வரிசையாக இருக்கும் கண்டபாதச் சிற்பங்கள் என்கிற சின்னப் புடைப்புச் சிற்பங்கள். ஒவ்வொன்றையும் விரித்த கையால் மூடிவிடலாம். அதற்குள் இராமாயணம் நடக்கிறது, சிவன் ஆடுகிறார், யானையும் வில்லும் மரமும் கூட்டமும் இருக்கின்றன. உள்ளங்கை அகலத்தில் நாலு பேரை நிறுத்தி, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுகூடத் தெரியும்படி ஒருவன் கருங்கல்லில் செதுக்கியிருக்கிறான். சந்தனக்கட்டையில் செய்ததை யாரோ கல்லாக்கிவிட்ட மாதிரி.

தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே போனேன். இரண்டு மணி நேரத்தில் தெற்குப் பக்கம் மட்டும் முடிந்தது. ஒரு அம்மா குழந்தையோடு வந்தார். மேலே கூரை விளிம்பான கபோதத்துக்கு அடியில் பூதவரி ஓடும், தொப்பையும் சிரிப்புமாகக் குட்டிப் பூதங்கள் வாத்தியம் வாசிக்கும். அந்தக் குழந்தை அதைக் காட்டி "அம்மா, பேண்டு செட்டு!" என்று கத்தியது. நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது சரி.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். கருவறையைச் சுற்றி ஒரு அகழி இருக்கிறது, பார்த்தீர்களா? விமானம் ஒரு பள்ளத்துக்குள் நிற்கும், நாம் அதற்கு மேலே உள்ள தரையில் சுற்றி வருவோம். குடந்தை நாகேஸ்வரன் கோயிலிலும் இந்த மாதிரி உண்டு. எனக்குச் சட்டென்று தோன்றியது: தண்ணீரை விட்டால் விமானம் ஆற்று நடுவே நிற்பது போல இருக்குமே! கட்டியவன் ஆற்றையே உள்ளே கொண்டுவந்துவிட்டான். இதுதான் கேள்விக்குப் பதில்.

மே 20

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். இரவு படுத்த பிறகு உறுத்தியது. அகழியில் தண்ணீர் நின்றால் அடிப்பீடத்தின் கீழ்ப்படையான உபானத்திலிருந்து பாசி ஏறும். இத்தனை நுணுக்கமான சிற்பத்தைத் தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் வைத்தவன் அங்கே வருஷம் முழுக்கத் தண்ணீர் நிறுத்த நினைத்திருப்பானா? சிலர் கோடையில் சாமி குளிர்ந்திருக்க என்பார்கள். நான் பார்த்த எந்த முறையும் அதில் தண்ணீர் இல்லை, மழை பெய்த மறுநாள் தேங்கியதைத் தவிர.

என் கண்ணுக்கு இப்போது தெரிவது வேறு. அந்தப் பள்ளத்தின் அடிமட்டம்தான் கோயிலின் உண்மையான காலடி. நாம் நடக்கும் தரை அதைவிட மேலே. டெல்டாவில் மண் ஏறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வெள்ளமும் ஒரு விரல் வண்டலை விட்டுப் போகும். 1934-இல் மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் ஆடி மாதம் ஆறு எப்படி வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும். 1924 வெள்ளத்தை என் தாத்தா கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளத்தோடு தெருவும் பிரகாரமும் வருஷா வருஷம் உயர்ந்தால், ஆயிரத்து நூறு வருஷக் கோயிலின் அடிப்பகுதி புதைந்துபோகாமல் இருக்கச் சுற்றிலும் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். முதலிலேயே அகழியாகக் கட்டியதா, தரை ஏற ஏற அகழி ஆனதா என்பதில் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். எப்படியானாலும், அந்தச் சின்ன இராமாயணம் இன்றைக்கும் வெளிச்சத்தில் இருப்பதற்கு அந்தப் பள்ளம்தான் காரணம்.

மே 31

இந்த வருஷம் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12-க்கு முன்னாலேயே. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று கேட்டவுடன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "இது குடமுருட்டிதானே, தேவாரத்தில் காவிரின்னு வருமே" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆமாம். சம்பந்தர் இந்தக் கோயிலுக்குப் பாடிய பதிகத்தில் "அலையார்புனல் வருகாவிரி ஆலந்துறை" என்றுதான் வருகிறது. நாமெல்லாம் குடமுருட்டிக் கரை என்று எழுதுகிறோம். இது ஆறு இடம் மாறியதற்கான சாட்சி என்று ஒரு நிமிடம் உற்சாகமானேன். பிறகு அடங்கிவிட்டேன். திருக்காட்டுப்பள்ளி பக்கம் காவிரியிலிருந்து பிரிவதுதான் குடமுருட்டி. தண்ணீர் அதே தண்ணீர். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிறவன் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டுகிறான். ஆனால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனைக் கேட்டால் எல்லாவற்றையும் காவேரித் தண்ணி என்பான். பாட்டும் அப்படியே சொல்லியிருக்கலாம்.

கேள்வி கேட்டவருக்கு: பாட்டின் அடியில் அலை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அந்தச் சாமியைச் சொல்ல வேண்டுமென்றால் ஆற்றைச் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் கேட்கவில்லை என்றீர்களே, அங்கே கேட்கும்.

ஜூன் 18

ஆற்றை விட்டுவிட்டு இன்று துர்க்கையைப் பற்றி. பல பேர் கேட்டார்கள், எனக்கும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கருவறைக்கு முன்னால் ஒட்டி நிற்கும் அர்த்தமண்டபத்தின் வடக்குப் பக்கம். எருமைத் தலை மேல் நிற்கிறாள், மேலே குடை. சங்கும் சக்கரமும் உண்டு. பக்கத்தில் சிங்கமும் மானும். கீழே இரண்டு பக்கமும் இரண்டு வீரர்கள், ஒருவன் தன் தலையையே கொடுக்கத் துணிந்தவன். இதே அமைப்பை மாமல்லபுரத்தில் வராக மண்டபத்திலும் திரௌபதி ரதத்திலும் பார்த்திருப்பீர்கள்: பல்லவர் கடற்கரையில் செதுக்கியதை இரண்டரை நூற்றாண்டு கழித்துச் சோழநாட்டு வயலுக்கு நடுவே ஒருவன் மறுபடி செய்கிறான். ஆனால் இவள் வேறு ஆள். மாமல்லபுரத்து அம்மன் மெல்லியவள். இவள் நிற்பதில் ஒரு நிச்சயம் இருக்கிறது. உதட்டில் கோபம் இல்லை, சண்டை முடிந்துவிட்டது. எண்ணெய் ஏறி ஏறிக் கல் கறுத்துப் போய், விளக்கு வெளிச்சத்தில் கன்னம் மட்டும் மின்னும்.

பட்டீஸ்வரம், குடந்தை நாகேஸ்வரன், புள்ளமங்கை, மூன்று துர்க்கையையும் ஒரே சிற்பி செய்தார் என்று நம் பக்கம் சொல்வார்கள். மூன்றையும் ஒரே நாளில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே கை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தச் சொல் ஏன் வந்தது என்று புரிகிறது, மூன்று இடத்திலும் நம்மைப் பேச விடாமல் நிறுத்திவிடுகிறாள்.

தெற்குப் பக்கம் பிள்ளையாரையும் விட்டுவிடாதீர்கள். அவரைச் சுற்றிப் பூதகணங்கள் சேவகம் செய்கிற அழகுக்காகவே தனியாக ஒரு காலை நேரம் ஒதுக்கலாம்.

ஜூலை 3

கல் எங்கிருந்து வந்தது? இதை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஆற்றுக்கும் கோயிலுக்கும் உள்ள சம்பந்தத்தில் இதுதான் என்னை ரொம்ப நாளாகத் துளைக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் எத்தனை அடி தோண்டினாலும் களிமண், மணல், வண்டல். கருங்கல் கிடையாது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போனால்தான் பாறை. ஆறு இங்கே மண்ணைத்தான் கொடுத்தது, அதனால் பழைய கோயில்கள் செங்கல்லில் இருந்தன. சம்பந்தர் பாடியபோது இங்கே நின்றது இன்று நாம் பார்க்கும் கட்டடம் இல்லை.

கல்லில் கட்டினால் அதைக் கற்றளி என்று பெருமையாகச் சொன்னார்கள். அன்பில் செப்பேடு, சுந்தர சோழன் காலத்தது, ஆதித்த சோழனைப் பற்றி ஒன்று சொல்கிறது: சஹ்ய மலையிலிருந்து, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து, கடல்வரைக்கும் காவிரியின் இரு கரையிலும் சிவனுக்குக் கல்லால் உயர்ந்த கோயில்களை வரிசையாக எடுத்தான் என்று. செப்பேட்டுப் புகழ்ச்சியில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் பேருந்தில் திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை ஊர் ஊராக இறங்கி ஏறியவன் அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டான். பராந்தகன் அந்த அப்பனுக்குப் பிள்ளை. அப்பன் தொடங்கிய வரிசையில்தான் புள்ளமங்கையும் வருகிறது. அப்புறம் சோழ அரசி செம்பியன் மாதேவி. அந்த அம்மா செங்கல் கோயில்களைக் கல்லாக்கிக்கொண்டே போனார், தென்குரங்காடுதுறையும் அதில் ஒன்று. திருக்கோடிக்காவில் கோயிலைப் புதிதாகக் கட்டும்போது பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்! இதைப் பின்னால் மறுபடி சொல்வேன்.

ஜூலை 4

உற்சாகத்தில் ஒன்று விட்டுப்போனது. தூணுக்கு மேலே உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு போதிகை. பல்லவர் காலத்திலும் முற்காலச் சோழர் காலத்திலும் அதன் வளைந்த முகத்தில் அலை அலையாக வரி போடுவார்கள், பெயரே தரங்கப் போதிகை. தரங்கம் என்றால் அலை. ஆற்றங்கரையில் கோயில், சுவர் உச்சியில் அலை. கேள்வி கேட்டவர் இதற்கு என்ன சொல்வார்?

ஜூலை 5

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுச் சிற்பக்கலை படித்த நண்பர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம். தரங்கப் போதிகை ஆறே இல்லாத குன்றுக் குடைவரையிலும் உண்டு, பிறகு அதே ஆற்றங்கரையில் வெட்டுப் போதிகை வந்தபோது அலை போய்விட்டது, ஆறு போகவில்லை. அது தச்சு மரபின் உறுப்பு, ஊரின் படம் அல்ல. சரி, அலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதே மாதிரி மகர தோரணத்தில் நீர்விலங்கு இருக்கிறதே என்றும் நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் வடக்குப் பக்கம் அபிஷேகத் தண்ணீர் வெளியே வரும் கோமுகையை அவர் மறுக்கவில்லை. துறையில் மொண்ட தண்ணீர் குடத்தில் உள்ளே போய், லிங்கத்தின் மேல் விழுந்து, சுவரைத் துளைத்து வடக்கே வெளியே வருகிறது. திருமஞ்சனம் என்னும் அபிஷேகத் தண்ணீர் எடுக்க ஆள் வைத்து, அந்த ஆளின் சாப்பாட்டுக்கு நிலம் விட்ட கல்வெட்டுகள் சோழநாட்டில் உண்டு. தினமும் ஒருவர் ஆற்றை உள்ளே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், அதுதான் அவருடைய வேலை.

ஆகஸ்ட் 5

பதினெட்டாம் பெருக்குக்குக் கரை கொள்ளவில்லை, ஜனமும் தண்ணீரும். கொள்ளிடத்தில் வெள்ளம். நான் மேற்கே போனேன், இரண்டு கோயிலுக்காக.

ஒன்று குளித்தலை கடம்பர். கோயில் ஆற்றைப் பார்க்கவில்லையே என்று கேட்டீர்கள் இல்லையா, இவர் பார்க்கிறார். வடக்கு முகம், எதிரே காவிரி, அகண்ட காவிரியாக இருக்கும்போது அது கடல் மாதிரி. காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று கோயில் பார்ப்பார்கள். கடம்பருக்குக் காலை என்பது ஏன் என்று அன்று புரிந்தது, ஆற்றிலிருந்து வரும் அந்த ஈரக் காற்று பத்து மணிக்கு மேல் இருக்காது.

இரண்டாவது சீனிவாசநல்லூர், முசிறி தாண்டி தொட்டியம் பக்கம், வடகரையில். குரங்கநாதர் கோயில் என்பார்கள். குரங்கு தீட்டுப்படுத்தியதால் குடமுழுக்கே நடக்கவில்லை என்று ஒரு கதை. கல்வெட்டில் பெயர் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள். மறுபடியும் துறை, மறுபடியும் தண்ணீருக்கு வந்த விலங்கு! இதுவும் பராந்தகன் காலத்துக் கோயில்தான். புள்ளமங்கைக்கு அக்காவோ தங்கையோ என்று சொல்லும்படி இருக்கும். விமானம் சுமார் ஐம்பது அடி. தெற்கே தட்சிணாமூர்த்தி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அமைதியை விவரிக்க நான் முயலவில்லை. ஆனால் உள்ளே சாமி இல்லை. எண்ணெய் இல்லை, திருநீறு இல்லை, புல்வெளிக்கு நடுவே சுத்தமாக நிற்கிறது, தொல்லியல் துறை நன்றாக வைத்திருக்கிறது. கல் தேன் நிறத்தில் இருக்கிறது, ஒவ்வொரு மடிப்பும் தெரிகிறது. எனக்கோ அங்கே ஏதோ வலித்தது. கோமுகையில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது, வெயிலில் சுட்டது.

புள்ளமங்கையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு நான் இவ்வளவு நாள் சலித்துக்கொண்டிருந்தேன். இனி அத்தனை சலிக்க மாட்டேன்.

செப்டம்பர் 17

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஊர் பேர் சொல்லவில்லை, அங்கே இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு சோழர் காலக் கோயில். 2009-இல் நான் அங்கே அதிஷ்டானத்தின் வளைந்த படையான குமுதத்தையும் அதற்குக் கீழே உள்ள ஜகதியையும் படம் எடுத்திருக்கிறேன், ஜகதியில் மூன்று வரி கல்வெட்டு. போன வாரம் போனால், பிரகாரம் முழுக்கப் பளபளவென்று கிரானைட் பாவியிருக்கிறார்கள். மழையில் சேறு ஆகிறது, வயசானவர்கள் வழுக்கி விழுகிறார்கள், அதனால் உயர்த்தினோம் என்றார் ஒருவர். அவர் சொன்ன காரணம் உண்மைதான். ஆனால் ஜகதி தரைக்குக் கீழே போய்விட்டது. அந்த மூன்று வரியும் சிமெண்டுக்குள் இருக்கிறது. குமுதத்தின் பாதி வளைவு மட்டும் மேலே எட்டிப் பார்க்கிறது, கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறவன் மாதிரி.

அதைவிட மோசம் சுவர். பல வருஷத்துச் சுண்ணாம்பை எடுக்க எப்போதோ மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். இப்போது அந்த முறைக்குத் தடை உண்டு, ஆனால் போனது போனதுதான். எழுத்தின் விளிம்பு மழுங்கி, யாளியின் பல் மழுங்கி, துவாரபாலகர் முகம் சோப்புக்கட்டி மாதிரி ஆகியிருக்கிறது. ஆறு ஆயிரம் வருஷத்தில் செய்யாததை ஆற்று மணல் ஒரு வாரத்தில் செய்துவிட்டது.

செம்பியன் மாதேவி பழைய கல்வெட்டைப் படியெடுத்து மறுபடி வெட்டச் சொன்னார் என்று ஜூலையில் எழுதினேன். இதற்காகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 18

"கோயில் பக்தருக்கா, படம் எடுப்பவருக்கா" என்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார். என் அம்மாவுக்கு முட்டி வலி, வழுக்காத தரை அவருக்கும் வேண்டும். சுவரிலிருந்து மூன்று அடி விட்டுவிட்டுத் தரையை உயர்த்தலாம், மழைத் தண்ணீர் வடிய வழி விடலாம். புள்ளமங்கையில் அந்தப் பள்ளம் அதைத்தானே செய்கிறது. பக்தர் சுற்றவும் முடிகிறது, சிற்பம் புதையவும் இல்லை. பழைய விடை கண்ணெதிரே இருக்கிறது.

நவம்பர் 17

ஐப்பசி முழுக்க ஊர் ஊராகக் காவிரியில் குளிக்கிற மாதம். முதல் முழுக்குத் திருப்பராய்த்துறை, கடைமுழுக்கு மயிலாடுதுறை. நேற்று துலாக்கட்டத்தில் கூட்டத்தில் நின்று குளித்தேன். இன்று கார்த்திகை முதல் நாள், முடவன் முழுக்கு. கடைமுழுக்குக்கு நடந்து வந்து சேர முடியாமல் ஒரு நாள் பிந்திய முடவனுக்காக ஒரு நாள் நீட்டித்தார்கள் என்று கதை. நடக்க முடியாதவனுக்காக ஒரு ஆற்றையே காத்திருக்க வைத்த ஊர் இது. அம்மாவை இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

குளித்துவிட்டுப் பேருந்தில் வரும்போது கேள்வி கேட்டவருக்கு நான் மே மாதமே சொல்லியிருக்க வேண்டிய பதில் கிடைத்தது. ஆறு சோழர் கோயிலின் கல்வெட்டில் இருக்கிறது. நிலக்கொடையைப் படித்துப் பாருங்கள். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாம் கண்ணாற்று, மூன்றாம் சதுரத்து என்று எல்லை சொல்வார்கள். வதி தெற்கு வடக்காக ஓடும், வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடும், அரசன் பேரையும் அரசி பேரையும் அவற்றுக்கு வைப்பார்கள். நிலத்தை அளக்கும் கட்டம் முழுவதும் ஆற்றுத் தண்ணீரால் போட்ட கட்டம். அந்த நிலத்து நெல்தான் சாமிக்கு அமுது, குருக்களுக்குக் கூலி, திருமஞ்சனம் எடுப்பவனுக்குச் சாப்பாடு. அணையாமல் எரியும் நுந்தா விளக்குக்கு ஆடு கொடுப்பார்கள், பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு, சாவா மூவாப் பேராடு என்று எழுதுவார்கள். செத்தது போகக் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்கும் என்பதால் சாவாத, மூப்படையாத ஆடு. அது மேய்வதும் அதே கரையில். நாளுக்கு ஓர் உழக்கு நெய் அதிலிருந்து.

சுவரில் நதிப் பெண் இல்லை என்றீர்கள். சுவர் முழுக்க அவள் கணக்கு இருக்கிறது.

டிசம்பர் 12

கேள்வி கேட்டவரும் நானும் நேற்று சேர்ந்து போனோம். அவரே கூப்பிட்டார். இந்த முறை துண்டு கொண்டுவந்திருந்தார். வடக்குப் பக்கத்தில் தொடங்கினோம், நான் இன்னும் முடிக்காத பக்கம். டார்ச்சை அவர் பிடித்தார், நான் எழுதினேன். பதினோரு சிற்பம் பார்ப்பதற்குள் மதியப் பூசை மணி அடித்துவிட்டது. குருக்கள் அபிஷேகத்தை முடித்திருப்பார் போல, கோமுகையிலிருந்து தண்ணீர் எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கையை நீட்டிப் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

மேற்குப் பக்கம் பாக்கி. தைக்குப் பிறகு போகலாம் என்று இருக்கிறோம், அப்போது சாயங்கால வெயில் அந்தப் பக்கம் நன்றாக விழும்.